பட்டை மணல் போட்டதா, கருவி போட்டதா? சறுக்குப் பட்டைச் சோதனைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ட்ரையாக்ஸியல் சோதனை என்பது ரப்பர் உறையிட்ட உருளை வடிவ மணல் மாதிரியை ஒரு மூடிய கலத்துக்குள் (செல்) வைத்து, பக்கங்களில் அழுத்தம் கொடுத்தபடி மேலிருந்து அமுக்குவது. அது முடிந்ததும், மாதிரி சரிந்துவிடாமல் உள்ளே லேசாக உறிஞ்சல் கொடுத்துவிட்டு, செல்லைத் திறப்பேன். முதல் வேலை ரப்பர் உறையை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பது. நெருக்கமான மணல் என்றால் ஓர் இடத்தில் விரல் இடறும். சாய்வாக ஓடும் ஒரு படி, அதை ஒட்டி உறையில் மெல்லிய சுருக்கங்கள். படிக்கு மேலே உள்ள மணலும் கீழே உள்ள மணலும் அதிகம் மாறியிருக்காது. பின்கட்டத்தில் நாம் கொடுத்த அமுக்கம் எல்லாம் நடுவில் உள்ள சில மில்லிமீட்டருக்குள் போய் அடைந்திருக்கும். ஷியர் பேண்ட் என்று ஆய்வகத்தில் சொல்வது இதைத்தான். இங்கே சறுக்குப் பட்டை, அல்லது வெறும் பட்டை என்று சொல்கிறேன்.

இந்தப் பட்டை வரவேண்டிய இடத்தில் வராமல் போவதும், வரக்கூடாத மாதிரி வருவதும் சோதனை செய்பவர்களுக்கும் கணினியில் இதே சோதனையைக் கணக்கிட்டு ஓட்டுபவர்களுக்கும் தினமும் நடப்பது. ஒவ்வொரு அறிகுறியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோட்டை மணல் போட்டதா, இல்லை நம் கருவியோ, கணினிக் கணக்குக்காக மாதிரியைக் கூறு போட்ட வலையோ (மெஷ்) போட்டதா?

அறிகுறிகளுக்குப் போகும் முன், பட்டை ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நெருக்கமாக அடுக்கிய துகள்களைச் சறுக்க வைத்தால், ஒவ்வொன்றும் பக்கத்துத் துகள் மேல் ஏறித்தான் நகர முடியும். ஏறினால் இடைவெளி பெருகும். ஈரமான கடற்கரை மணலில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று உலர்ந்தது போல் வெளுக்கிறதே, அது இதனால்தான்: இடைவெளி பெருகி, மேற்பரப்பு நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் எழுதிய விரிவுத் தன்மை இதுவே. இனி, மாதிரிக்குள் ஓர் இடம் மற்ற இடங்களைவிடத் துளி முன்னதாக விரிந்துவிட்டது என்று வையுங்கள். அந்த இடம் தளர்ந்தது. தளர்ந்ததால் அடுத்த நகர்வும் அங்கேயே நடக்கும். நடந்தால் இன்னும் தளரும். சுற்றியுள்ள மணலோ பாரம் குறைந்து சும்மா நின்றுவிடும். பட்டைக்குள் பார்த்தால், விசையைத் தாங்கும் துகள் தூண்கள் வளைந்து மடிவதும், துகள்கள் சறுக்குவதைவிட அதிகமாக உருள்வதும், அவற்றுக்கிடையே பெரிய ஓட்டைகள் திறப்பதும் தெரியும்.

பட்டையின் தடிமன் துகளின் அளவைப் பின்தொடரும் என்பது கையில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய உண்மை. நடுத்தரத் துகள் விட்டத்தைப் போல ஏறத்தாழ 10 முதல் 20 மடங்கு. துகள் 0.2 மி.மீ. என்றால் பட்டை 2 முதல் 4 மி.மீ. மாதிரியைப் பெரிதாக்கினாலும் அதே மணலுக்குப் பட்டை அதே தடிமன்தான். இது பொருந்தவில்லை என்றால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது.

அறிகுறி: பட்டையே இல்லை, மாதிரி பீப்பாய் போல உப்புகிறது

முதலில் மணலின் நெருக்கத்தைப் பாருங்கள். தளர்வான மணல் வடிநிலைச் சோதனையில் (துளைநீர் வெளியேறவும் நுழையவும் வழிவிட்டுச் செய்வது) சுருங்கிக்கொண்டே போகும். சுருங்கும் இடம் வலுவடைவதால் நகர்வு அங்கேயே தங்காமல் மற்ற இடங்களுக்குப் பரவும். ட்ரையாக்ஸியலில் அப்படிப்பட்ட மாதிரி உப்புவது இயல்பு, அங்கே சரிசெய்ய ஒன்றும் இல்லை. பக்க அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலும் நெருக்கமான மணல்கூட விரிவை இழந்து இப்படியே நடந்துகொள்ளும்.

மணல் நெருக்கமாகத்தான் இருக்கிறது, அப்படியும் உப்புகிறது என்றால் மேல் கீழ்த் தட்டுகளைச் சந்தேகியுங்கள். தட்டின் உராய்வு மணலின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. முனைகளில் கூம்பு வடிவில் அசையாத பகுதி உருவாகி, நடுப்பகுதி மட்டும் உப்பும். தட்டைப் பளபளப்பாக்கி, கிரீஸ் தடவி, மேலே மெல்லிய ரப்பர் தாள் போட்டால் முனை விடுதலையாகும். தட்டு மாதிரியைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விரியும் மணல் விளிம்பைத் தாண்டி வழியும். ஆனால் ஒன்று: முனை வழுக்க ஆரம்பித்ததும் நகர்வு மாதிரி முழுக்கச் சீராகப் பரவுவதால், பட்டை முன்பைவிடத் தாமதமாகத்தான் வரும். அது நல்ல செய்தி. தாமதமாக வரும் பட்டை மணலுடைய பட்டை.

மூன்றாவது சாத்தியம்தான் பலரையும் ஏமாற்றுவது: பட்டை உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. உருளை மாதிரியில் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம். எந்தத் திசையில் சரிவது என்று மணலுக்குக் குறிப்பு ஏதும் இல்லை. அதனால் ஒரே தளமாகச் சரியாமல், கூம்பும் அதைச் சுற்றிப் பல தளங்களுமாகச் சிதறிச் சறுக்கலாம். கிரெனோபிளில் ஜாக் டெரூ குழுவினர் ஹோஸ்டன் மணல் மாதிரிகளை எக்ஸ்-ரே சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்து 1996-இல் வெளியிட்டது இதைத்தான். வெளியே உப்பலாகத் தெரிந்த மாதிரிக்குள் ஒழுங்கான பட்டை அமைப்பு இருந்தது. ஸ்கேன் வசதி இல்லாதவர்கள் மாதிரி தயாரிக்கும்போதே நிறமூட்டிய மணலை மெல்லிய அடுக்குகளாக இடையிடையே தூவலாம். சோதனை முடிந்ததும் நீர்த்த ஜெலட்டின் போன்ற ஒன்றை ஊற்றி இறுகவிட்டு நெடுக வெட்டுங்கள். அடுக்கு எங்கே முறிகிறதோ அங்கே பட்டை.

இதெல்லாம் வேண்டாம், பட்டையைத் தெளிவாகப் பார்த்தால் போதும் என்றால் தளத்திரிபுச் சோதனைக்கு மாறிவிடுங்கள். ஒரு திசையில் விரிய முடியாதபடி இரண்டு கெட்டியான கண்ணாடிச் சுவர்கள். அங்கே பட்டை உச்ச வலிமையை ஒட்டியே வந்துவிடும், தளர்வான மணலிலும்கூட வரக்கூடும்.

அறிகுறி: பட்டை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது

இது எனக்கே நடந்தது. தொடர்ந்து ஐந்து சோதனைகள், ஐந்திலும் பட்டை இடது மேல் விளிம்பில் தொடங்கி வலது கீழே இறங்கியது. மணல் அடுக்கும் விதத்தில்தான் குறை என்று நினைத்து, மணல் தூவும் உயரத்தை மாற்றி, புனலை மாற்றி, இரண்டு வாரம் வீணானது. கடைசியில் மாதிரி இல்லாமல் மேல்தட்டை மட்டும் இறக்கி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. பிஸ்டன் நேராக இல்லாததால் தட்டு ஒரு விளிம்பில் முதலில் அழுத்தியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு பட்டை ஒரு நாள் இடமாகவும் ஒரு நாள் வலமாகவும் வந்தது.

ஆகவே, எந்தப் பக்கம் என்பது தற்செயலாக இருக்க வேண்டும். ஐந்தாறு சோதனைகளில் ஒரே திசை என்றால் மாதிரியைச் செங்குத்து அச்சில் அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி செய்யுங்கள். பட்டையும் சேர்ந்து திரும்பினால் குறை மாதிரியில் (உறையின் மடிப்பு, ஒரு பக்கம் தளர்வாக விழுந்த மணல்). திரும்பாமல் அதே பக்கம் வந்தால் குறை கருவியில். மேல்தட்டு சுழலும்படியோ பக்கவாட்டில் நகரும்படியோ விட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டின் சுதந்திரம் மாறினால் பட்டையின் வடிவமே மாறும்: தட்டு பக்கவாட்டில் நகர முடிந்தால் ஒற்றைப் பட்டை சுலபமாக ஓடும், இறுகப் பிடித்திருந்தால் இரண்டு பட்டைகள் எக்ஸ் போல வெட்டிக்கொள்ளும், அல்லது ஒன்று முனையில் முட்டித் தெறித்துத் திரும்பும்.

அறிகுறி: பட்டையின் கோணம் புத்தகக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை

எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் மூன்று இருக்கின்றன. பெரிய அமுக்கம் செங்குத்தாக இருக்கும்போது, கிடைமட்டத்திலிருந்து அளந்தால், கூலும் வழி 45 பாகையோடு உராய்வுக் கோணத்தில் (மணலின் சறுக்குத் தடையைச் சொல்லும் கோணம்) பாதி. ராஸ்கோ வழி 45 பாகையோடு விரிவுக் கோணத்தில் (சறுக்கும்போது மணல் எவ்வளவு விரிகிறது என்பதைச் சொல்லும் கோணம்) பாதி. ஆர்தர் முதலானோர் 1977-இல் சொன்னது இரண்டுக்கும் நடுவில்: 45 பாகையோடு, இரு கோணங்களின் கூட்டுத்தொகையில் கால் பங்கு. உராய்வு 42, விரிவு 14 பாகை உள்ள மணலுக்கு இவை முறையே 66, 52, 59. உங்கள் அளவு இந்த 52-க்கும் 66-க்கும் இடையில் விழுந்தால் பதற வேண்டாம். துகள் பெரிதாகும்போது கோணம் ராஸ்கோ பக்கம் இறங்கும், நுண்மணலில் கூலும் பக்கம் ஏறும்.

இந்த எல்லைக்கு வெளியே போனால், பெரும்பாலும் அளந்த நேரம் தப்பு. சோதனையின் இறுதியில் மாதிரி குட்டையாகி, பட்டையும் சேர்ந்து சாய்ந்திருக்கும். பட்டை தோன்றிய கணத்துப் படத்தில் அளக்க வேண்டும். மாதிரி குட்டையாக இருந்தாலும் கோணம் கெடும்: உயரம் விட்டத்தைப் போல இரு மடங்கு இல்லையென்றால் பட்டை தட்டில் முட்டிவிடக்கூடும்.

அறிகுறி: உச்சத்துக்குப் பின் வளைகோடு மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது

மாதிரி தாங்கும் பாரத்தைத் திரிபுக்கு (உயரத்தில் எத்தனை சதவீதம் அமுங்கியது என்பதற்கு) எதிரே வரைந்தால், உச்சம் வரை எல்லா வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, அப்புறம் கலைந்துபோகின்றன. காரணம் மணலில் இல்லை, கிடை அச்சில் இருக்கிறது. பட்டை வந்த பிறகு ‘திரிபு’ என்று நாம் வரைவது மாதிரி முழுவதையும் சராசரி எடுத்த ஒரு எண். உண்மையில் இரண்டு கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மாதிரி 140 மி.மீ. உயரம், பட்டை 60 பாகைச் சாய்வு, தடிமன் 3.2 மி.மீ. உச்சத்துக்குப் பின் இன்னும் 2 சதவீதம் அமுக்கினோம், அதாவது 2.8 மி.மீ. அதைச் சாய்வின் வழியே பார்த்தால் ஏறக்குறைய 3.2 மி.மீ. வழுக்கல். பட்டையின் தடிமனும் அதுவே. ஆக, வரைபடத்தில் வெறும் 2 சதவீதம் நகர்ந்தபோது பட்டைக்குள் சறுக்குத் திரிபு 100 சதவீதம் ஏறிவிட்டது. இதே மணலில் 280 மி.மீ. உயர மாதிரி செய்தால் அதே வழுக்கலுக்கு வரைபடம் 1 சதவீதம்தான் காட்டும், வீழ்ச்சி இரண்டு மடங்கு செங்குத்தாகத் தெரியும். உச்சத்துக்குப் பிந்தைய பகுதியைத் திரிபுக்குப் பதிலாக வழுக்கிய தூரத்துக்கு எதிரே வரையுங்கள், கலைந்த கோடுகள் மறுபடி நெருங்கி வரும்.

மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்குப் பரப்புத் திருத்தமும் உறையும் பொறுப்பு. உப்பும் மாதிரிக்கான பரப்புச் சூத்திரத்தை வழுக்கும் மாதிரிக்கும் போட்டிருப்பீர்கள். இரு கட்டிகள் விலகும்போது தொடும் பரப்பு கூடுவதில்லை, குறைகிறது. பட்டையைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் ரப்பர் உறையும் கொஞ்சம் பாரத்தைச் சுமக்கும், பக்க அழுத்தம் குறைவான சோதனையில் அதைக் கழிக்காமல் விடமுடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஆய்வறிக்கைகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. நெருக்கமான மணலைக் கடைசிவரை ஓட்டி, அப்போதைய வெற்றிட விகிதத்தை (இடைவெளியின் கன அளவைத் துகள்களின் கன அளவால் வகுத்தது) ‘மாறாநிலை’ என்று, அதாவது கன அளவு இனி மாறாமல் சறுக்கும் நிலை என்று, குறிப்பது. அந்த எண்ணில் பட்டையின் மணலும் வெளியே நெருக்கமாகவே நிற்கும் மணலும் கலந்திருக்கின்றன. மாறாநிலைக்கு வந்தது பட்டை மட்டும்தான். மாறாநிலைக் கோடு வேண்டுமானால் தளர்வான மாதிரிகளில் தேடுங்கள்.

அறிகுறி: வடியா நிலைச் சோதனையில் பட்டை திடீரென்று வருகிறது

நீர் நிறைந்த நெருக்கமான மணல், வால்வு மூடியிருக்கிறது. மணல் விரியப் பார்க்கிறது, நீர் விடுவதில்லை. துளைநீர் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், மாதிரி வலுத்துக்கொண்டே போகும், பட்டைக்கு இடமே இல்லை. ஒரு கட்டத்தில் நீருக்குள் குமிழி உடைகிறது. அந்தக் கணத்தில் விரிவுக்கு இருந்த தடை போய்விடும், பட்டை உடனே பாயும். நீரழுத்தப் பதிவில் இறக்கம் எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள். பட்டை அதே நொடியில் வந்திருந்தால் காரணம் இதுதான். பின்னழுத்தத்தை (தொடக்கத்திலேயே துளைநீருக்குக் கொடுத்து வைக்கும் அழுத்தம்) ஏற்றி மறுபடி செய்யுங்கள், பட்டை தள்ளிப்போகும்.

அறிகுறி: நேரடிச் சறுக்குப் பெட்டியில் பட்டை நடுவில் சரியாக வருகிறது

வரத்தான் செய்யும். மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து ஒன்றை மற்றொன்றின்மேல் தள்ளும் பெட்டி இது, அதை வெட்டியிருப்பதே அங்கேதான். அந்தப் பட்டையை வைத்து மணலின் சாய்வைப் பற்றியோ தொடக்கத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாதீர்கள்.

அறிகுறி: மெஷ்ஷை நுணுக்கினால் பட்டையும் மெலிகிறது

எலிமெண்ட் (மெஷ்ஷின் ஒரு கட்டம்) 10 மி.மீ. என்றால் பட்டை 10 மி.மீ., 5 என்றால் 5, எப்போதும் ஒரே ஒரு எலிமெண்ட் அகலம். கூடவே பாரக் கோடும் ஒவ்வொரு முறையும் செங்குத்தாக விழுகிறது. மென்பொருளில் பிழை தேட வேண்டாம். உங்கள் பொருள் விதியில் (மணல் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்லும் சூத்திரத்தில்) நீளம் என்று ஒன்று இல்லவே இல்லை. உராய்வுக் கோணம், விறைப்பு, விரிவு எல்லாம் இருக்கின்றன, துகள் எவ்வளவு பெரிது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் கணக்கு கிடைத்த ஒரே நீளத்தை, உங்கள் எலிமெண்டை, பிடித்துக்கொள்கிறது. நுணுக்க நுணுக்கச் சிதைவுக்குச் செலவாகும் ஆற்றல் பூச்சியத்தை நோக்கிப் போகும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை.

‘நான் மென்மையாதல் (திரிபு ஏற ஏற வலிமை குறைவது) எதுவும் கொடுக்கவில்லையே’ என்று கேட்கலாம். ருட்னிக்கியும் ரைஸும் 1975-இலேயே காட்டியது: உராய்வுக் கோணமும் விரிவுக் கோணமும் வேறாக இருந்தால், பொருள் இன்னும் வலுத்துக்கொண்டிருக்கும்போதே சீரான உருமாற்றம் குலைந்து பட்டைக்கு வழிவிடலாம். மணலில் இரண்டும் வேறுதான்.

எளிய மருந்து, அளவுத் திருத்தம். பட்டைக்குள் வலிமை மிச்ச நிலைக்கு இறங்க 3.2 மி.மீ. வழுக்கல் வேண்டும் என்று சோதனையிலிருந்து தெரிந்தால், 20 மி.மீ. எலிமெண்டுக்கு அதை 16 சதவீதத் திரிபாகக் கொடுங்கள், 40 மி.மீ. எலிமெண்டுக்கு 8 சதவீதம். ஆற்றல் சரியாகிவிடும். பட்டையின் தடிமன் சரியாகாது, ஆனால் பெரிய சரிவு அல்லது அடித்தளக் கணக்குக்கு இது போதும். தடிமனும் வேண்டும் என்றால் விதிக்குள்ளேயே நீளத்தைக் கொண்டுவர வேண்டும்: அண்டை இடங்களின் சராசரியை எடுக்கும் நான்லோக்கல் முறை, அல்லது துகள் சுழற்சியையும் கணக்கில் வைக்கும் கொஸ்ஸரா முறை. மணலில் துகள் உண்மையிலேயே உருள்வதால் எனக்குப் பின்னதன் மேல்தான் நம்பிக்கை. எந்த முறை என்றாலும் பட்டைக்குக் குறுக்கே நாலைந்து எலிமெண்டாவது இருக்கட்டும்.

தடிமன் சரியானாலும் திசை மெஷ் கோடுகளோடு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். மெஷ்ஷைச் சில பாகை திருப்பி ஓட்டினால் தெரிந்துவிடும். நேர்மாறாக, பட்டையே வராமல் எல்லாம் சீராக அமுங்கினால், மாதிரி மிகச் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். வெற்றிட விகிதத்தில் சிறு ஏற்ற இறக்கத்தைத் தூவிவிடுங்கள். ஒரே ஒரு பலவீனமான எலிமெண்டை நட்டால் பட்டை வரும், எங்கே வரும் என்பதை நீங்களே முடிவு செய்தவராகிவிடுவீர்கள்.

அறிகுறி: டி.இ.எம். கணக்கில் பட்டை மாதிரியில் பாதியை அடைக்கிறது

டி.இ.எம். என்பது ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக நகர்த்திக் கணக்கிடும் முறை. அதில் துகள்களை எத்தனை மடங்கு பெரிதாக்கினீர்கள்? கணினி தாங்கவேண்டும் என்று 0.2 மி.மீ. துகளை 2 மி.மீ. ஆக்கினால், பதினாறு மடங்குக் கணக்கில் பட்டை 32 மி.மீ. ஆகும். 70 மி.மீ. அகல மாதிரியில் அது ஏறக்குறைய பாதி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மாதிரிதான் போதவில்லை.

பட்டை மங்கலாக, எல்லையே இல்லாமல் இருந்தால் கோளங்களைக் கவனியுங்கள். கோளம் தடையின்றி உருளும், உண்மை மணல் துகளுக்கு மூலைகள் உண்டு. உருளலுக்குத் தடை சேர்த்தால், அல்லது நாலைந்து கோளங்களை ஒட்டிக் கட்டிகளாக்கினால், பட்டைக்குள் பெரிய ஓட்டைகளும் கூர்மையான சுழற்சியும் வரத் தொடங்கும். இவாஷிதாவும் ஓடாவும் 1998-இல் உருளல் தடையைச் சேர்த்தது இதற்காகவே. பக்கங்களில் விறைப்பான சுவர் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், நெகிழும் உறைதான் பட்டை வெளியேற வழிவிடும். சுழல் எல்லை வைத்தவர்களுக்கு வேறு சிக்கல்: பட்டை ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் நுழையும்போது தன்னோடு தானே பொருந்த வேண்டும், ஆகவே கோணத்தைப் பெட்டியின் விகிதம் முடிவு செய்துவிடும்.

வேகத்தையும் பாருங்கள். நிதானமான ஓட்டத்துக்கு ஜட எண் (துகளின் அளவு, அடர்த்தி, அழுத்தம் இவற்றை வைத்துச் சறுக்கல் எவ்வளவு வேகமானது என்று சொல்லும் எண்) 0.001-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கம். 0.2 மி.மீ. துகள், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இது நொடிக்கு 30 அளவிலான திரிபு வேகம், தாராளமாகத் தெரியும். ஆனால் முன்பு போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டை வந்ததும் அதற்குள் வேகம் மாதிரியின் சராசரியைப் போல ஐம்பது மடங்கு. அப்படியானால் மாதிரியை நொடிக்கு 0.6-க்கும் மெதுவாக அமுக்க வேண்டும். உச்சம் வரை சரியாக இருந்த கணக்கு பட்டைக்குப் பின் அதிர ஆரம்பித்தால் முதலில் இந்த எண்ணைக் குறையுங்கள்.

அறிகுறி: படத் தொடர்பு முறையில் அளந்த பட்டை மிகத் தடிமனாகத் தெரிகிறது

கண்ணாடி வழியே எடுத்த படங்களை ஒப்பிட்டுத் திரிபு வரைபவர்களுக்கு இது. ஒப்பிடும் சதுரம் 6 மி.மீ. என்றால் 3 மி.மீ. பட்டையும் 6 மி.மீ. பட்டையாகத்தான் தெரியும். சதுரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பட்டையும் மெலிந்தால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது சதுரத்தை. மெலியாமல் ஓர் அளவில் நின்றால், அந்த எண்ணைத் துகள் விட்டத்தால் வகுத்து, 10-க்கும் 20-க்கும் இடையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.